மூன்று வருஷத்துக்கு மட்டும் கோச்

கல்லூரியில் என்னுடைய பதவி உடற்கல்வி இயக்குநர். மாணவர்களுக்கு பி.டி. சார். என் நியமன உத்தரவில் நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர் என்று எந்த வரியிலும் கிடையாது. கபடிக்கு மேட் வாங்க வேண்டும், வாலிபால் நெட் கட்ட வேண்டும், விளையாட்டு விழாவுக்கு சிறப்பு விருந்தினரைப் பிடித்து வர வேண்டும், கல்லூரிக்குத் தரம் போடும் நாக் (NAAC) குழு வந்தால் பத்து வருஷக் கோப்புகளை விரித்துக் காட்ட வேண்டும். இதெல்லாம் போக மிச்சம் இருக்கும் நேரத்தில்தான் நான் கோச். அந்த மிச்ச நேரம் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிந்துவிடும்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஓட்டத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லி அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். சூரியா 2016 குவாஹாத்தி தெற்காசிய விளையாட்டில் 5000, 10000 இரண்டிலும் தங்கம். லட்சுமணன் அடுத்த வருஷம் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் அதே இரண்டு ஓட்டத்திலும் தங்கம். நான் இவர்கள் வரிசையில் நிற்கிற ஆள் இல்லை. பல்கலைக்கழக அணி வரை போனேன், அவ்வளவுதான். 5000 மீட்டரில் பதினைந்தரை நிமிடத்தைத் தொட்டது கல்லூரி இரண்டாம் வருஷத்தில். அதற்குப் பிறகு ஒரு நொடிகூட இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அப்போது எங்களுக்குப் பயிற்சி என்றால் தினமும் போட்டி. திங்கள் 3000 மீட்டரை முழு வேகத்தில் ஓடி நேரம் பார்க்கிற டைம் ட்ரையல், செவ்வாய் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடுகிற ரிப்பிட்டிஷன், புதன் மறுபடியும் டைம் ட்ரையல். ஆறு நாளும் ஸ்டாப்வாட்ச். வாந்தி எடுத்தவன் நன்றாக ஓடியவன். முதல் வருஷம் எல்லோருக்கும் நேரம் மளமளவென்று குறைந்தது. இரண்டாம் வருஷம் நின்றது. மூன்றாம் வருஷம் ஒவ்வொருவராக நொண்டத் தொடங்கினோம். எனக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரிசல். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் கெட்டவர் இல்லை, சொந்தக் காசில் முட்டை வாங்கிக் கொடுத்தவர். அவருக்கு வேண்டியது அந்த வருஷத்து ஷீல்டு, அது அவருக்குக் கிடைத்தது. எங்களோடு ஓடியவர்களில் கல்லூரி முடிந்தபிறகும் ஓட்டத்தில் நின்றவர் யாரும் இல்லை.

அப்புறம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் பி.பி.எட்., அதாவது உடற்கல்விப் பட்டம். ஹாரி குரோ பக் 1920இல் ஆரம்பித்த கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவரும் அவர்தான். பிறகு பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். என்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளருக்கான ஒரு வருஷ டிப்ளமோ. பாட்டியாலா ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போய் ஸ்டாப்வாட்ச் பொத்தானை அழுத்த முடியாது. அங்கேதான் என் கால் ஏன் உடைந்தது என்பதற்குப் பாடம் கிடைத்தது. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்காததால் பையன் இன்னும் ஓடலாம் என்று நினைக்கிறான், அதற்குள் எலும்பு பின்தங்கிவிடுகிறது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

முதல் வருஷ மாணவர்கள் கொஞ்சம் பழகியதும் கேட்கிற கேள்வி, "நீங்க என்ன மெடல் சார் வாங்கினீங்க?" நியாயமான கேள்விதான். நான் அவர்களுக்குக் கோல்ம் ஓ'கானலைப் பற்றிச் சொல்வேன். அயர்லாந்திலிருந்து 1976இல் கென்யாவின் இட்டன் ஊருக்குப் புவியியல் ஆசிரியராக வந்தவர். தடகளப் பின்னணியே கிடையாது. அவர் வளர்த்த டேவிட் ருடிஷா 2012 லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் ஓடி உலக சாதனை வைத்தார். அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கிய ஜாக் டேனியல்ஸ் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்தான், ஆனால் ஓட்டத்தில் இல்லை. குதிரையேற்றம், கத்திச்சண்டை, துப்பாக்கி, நீச்சல், ஓட்டம் ஐந்தும் சேர்ந்த நவீன பென்டத்லானில், அணிப் பிரிவில், 1956இல் வெள்ளியும் 1960இல் வெண்கலமும். இவர்களை எனக்கு வக்காலத்துக்கு இழுக்கவில்லை. நன்றாக ஓடியவருக்கு அவர் ஓடிய விதம் ஒன்றுதான் சரி என்று படும், அந்தத் தொல்லை இவர்களுக்கு இல்லை என்பதைச் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி கோச்சின் கையில் ஒரு பையனோ பெண்ணோ இருப்பது மூன்று வருஷம். அதில் செமஸ்டர் தேர்வு, கோடை விடுமுறை, தீபாவளி, பொங்கல், கார்த்திகை மழை எல்லாவற்றையும் கழித்தால் உருப்படியாகப் பயிற்சிக்குத் தேறுவது இருபது மாதம்கூட இருக்காது. நெடுந்தூர ஓட்டத்துக்கு உடம்பு முழுதாகத் தயாராக எட்டு, பத்து வருஷம் வேண்டும். அவினாஷ் சாப்ளே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ராணுவத்தில் சேர்ந்தவர், போட்டி ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டதே அங்கேதான். தடைகளைத் தாண்டி ஓடுகிற 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 8 நிமிடம் 9.91 நொடி என்ற தேசிய சாதனையை 2024இல் பாரிஸில் ஓடியபோது அவருக்கு வயது 29. நம் கல்லூரிப் பையன் 21 வயதில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். ஆக, அவனுடைய நல்ல ஓட்டத்தை நான் பார்க்கப் போவதில்லை. இதை ஒப்புக்கொள்கிற கோச் ஒரு மாதிரி வேலை செய்வார், ஒப்புக்கொள்ளாதவர் வேறு மாதிரி செய்வார். நான் ஒப்புக்கொண்டவன். அடுத்து அவனை வாங்கிக்கொள்ளப் போகிற ராணுவத்துக்கோ ரயில்வேக்கோ உடையாமல், இன்னும் வளர இடம் வைத்து அனுப்புவதுதான் என் வேலை என்று வைத்திருக்கிறேன்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகியவர்கள். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் 400 மீட்டர் சுற்று (லாப்) ஒன்றுக்கு 112 நொடி, கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடி. ஊரில் அண்ணன்மார்கள் சொல்லிக்கொடுத்தபடி, தினமும் அந்த 1500ஐ மட்டும் உயிரைக் கொடுத்து ஓடி வந்திருப்பான். ராணுவத்துக்கு முயன்றவன் என்றால், முழு மதிப்பெண்ணுக்கு 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியே இருக்க மாட்டான். இவனை மெதுவாக ஓட வைப்பதற்கு எனக்கு முதல் செமஸ்டர் முழுக்கப் போய்விடும்.

மெதுவாக என்றால் எவ்வளவு என்று கேட்பார்கள். 5000 மீட்டரை 17 நிமிடத்தில் ஓடுகிற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியில் அவன் வேகம் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 24 நொடி. டெம்போ ஓட்டம் என்று இருபது நிமிடம் ஒரே சீராக ஓட வேண்டிய வேகம் 3:40க்குப் பக்கம். மற்ற நாட்களின் சாதாரண ஓட்டம் 4:30இல் தொடங்கி 5 நிமிடம் வரை போகலாம். இந்தக் கடைசி எண்ணைச் சொன்னதும் முகம் சுருங்கும். "சார், இது ஓட்டமா நடையா?" நான் சொல்வது ஒன்றுதான். பக்கத்தில் ஓடுகிறவனோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு போ, பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறை. இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டு, முந்தின நாள் பார்த்த படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு ஓடச் சொல்வேன். கதை கேட்க வேண்டும் என்பதற்காகவே முன்னால் போகிறவன் பின்வாங்குவான். வாரத்தில் வேகமான நாள் இரண்டு. செவ்வாய்க்கிழமை 1000 மீட்டரோ 400 மீட்டரோ திரும்பத் திரும்ப, வெள்ளிக்கிழமை டெம்போ. மிச்ச நாள் எல்லாம் பேச்சு ஓட்டம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். எங்கள் கல்லூரி தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பதால் கல்லணைக் கால்வாய்க் கரை, ஊர்க்காரர்கள் சொல்கிற புது ஆறு, எங்களுக்குக் கிடைத்த வரம். மண் பாதை, ஏற்ற இறக்கம் இல்லை, அங்கங்கே மர நிழல். கருவேல முள் ஒன்றுதான் பயம். வெறுங்காலில் ஓடிப் பழகியவனையும் அங்கே ஷூ போடச் சொல்வேன். முதல் வருஷத்தில் வாரத்துக்கு 40 கிலோமீட்டர், மூன்றாம் வருஷம் 80, 90. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் தன் ஆட்களை வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், ஓட வைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே பிற்பகலில் அவருடைய பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். அதைப் படித்துவிட்டு ஆறே மாதத்தில் 160க்கு ஏறப் பார்க்கிற சீனியர் ஒருவன் எல்லா வருஷமும் கிளம்புவான். அவனைக் கீழே இறக்குவதும் கோச் வேலைதான்.

வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஈரப்பதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. டெல்டாவில் விடியற்காலை குளுமையாகத் தெரியும், ஆனால் காற்றில் ஈரம் அதிகமாக இருப்பது அப்போதுதான். வியர்வை உலராது, உலராவிட்டால் உடம்பு குளிராது. மார்ச் மாதத்திலிருந்து சாதாரண ஓட்டத்துக்குக் கிலோமீட்டர் கணக்கை எடுத்துவிட்டு நிமிடக் கணக்குக்கு மாறிவிடுவோம். ஐம்பது நிமிடம் ஓடு, எவ்வளவு தூரம் போனாய் என்று நான் கேட்க மாட்டேன். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மோர். செலவு இல்லாத விஷயம்.

பெண்கள் அணிக்கு நான் செய்த உருப்படியான காரியம் எது என்றால் ரத்தப் பரிசோதனை என்பேன், பயிற்சித் திட்டத்தை அதற்கு அப்புறம்தான் சொல்வேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் ஒருத்தி கையில் ஸ்பைக்ஸ் என்கிற ஆணி ஷூவைக் கொடுத்து 400 மீட்டர் ரிப்பிட்டிஷன் ஓடச் சொன்னால் என்ன ஆகும்? இரண்டாம் வருஷத்து மாணவி ஒருத்திக்கு நேரம் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் அவள் அம்மா கிரவுண்டுக்கே வந்துவிட்டார். "வீட்டுக்கு வந்தா வந்தபடியே படுத்துக்குது சார். ஓட்டத்தை நிறுத்திடட்டுமா?" "ரத்தம் ஒண்ணு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்மா" என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே. மருத்துவர் மாத்திரை எழுதினார், நான் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தேன். பழைய நேரத்துக்கு வர நாலைந்து மாதம் ஆனது. அதற்கப்புறம் வருஷத்தில் இரண்டு முறை, பையன்கள் உட்பட, எல்லோருக்கும் பரிசோதனை என்று வைத்துவிட்டேன். மெஸ்ஸில் சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கத்தை நிறுத்தினோம், டீ இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடி. முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேகவைத்த நிலக்கடலை, கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ. ஈரல் சாப்பிடுகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை ஈரல். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் அதைப் பயிற்சியின் அடையாளம் என்று பெருமையாகச் சொல்கிற பேச்சு எங்கள் துறையில் இன்னும் இருக்கிறது. அது ஆபத்து. சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது, எலும்பு பலவீனமாகப் போகிறது. இதைப் பேசுவதற்கு ஆண் கோச்சுக்குக் கூச்சமாக இருந்தால், கல்லூரியில் ஒரு ஆசிரியையைப் பொறுப்பாகப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன்.

அடுத்தது மினி மாரத்தான். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். நம் ஊரில் ஐந்து கிலோமீட்டர் ரோடு ஓட்டமும் மாரத்தான்தான். தலைவர் பிறந்தநாள், கோயில் திருவிழா, மருத்துவமனைத் திறப்பு, காணும் பொங்கல் என்று மார்கழி, தை மாதங்களில் ஞாயிறு தவறாமல் எங்கேயாவது ஒன்று இருக்கும். முதல் பரிசு ஐயாயிரம், சில இடங்களில் பத்தாயிரம். பையன் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் போய், தார் ரோட்டில் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, திங்கட்கிழமை கிரவுண்டில் நிற்பான். சில கோச்சுகள் அடியோடு தடை போடுவார்கள். என்னால் முடியவில்லை. அந்தக் காசில் செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிறவனிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் ஒரு ஒப்பந்தம்: செமஸ்டருக்கு இரண்டு. எது என்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும், அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை டெம்போவை நான் எடுத்துவிடுவேன். திருட்டுத்தனமாகப் போனால் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் போட்டோவோடு மாட்டிக்கொள்வான். பரிசு வாங்குகிறவனுக்கு இதுதான் கஷ்டம்.

காலைப் பற்றி ஒன்று. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று வருகிறவனை விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். உள்ளங்கையால் நீளமாகத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் தசை இழுப்பு, ஓட்டத்தைக் குறைத்து, புல் தரைக்கு மாற்றி, பார்த்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் ஒற்றை விரலை வைத்து "இங்கதான் சார்" என்றால், ராத்திரி படுக்கும்போதும் வலித்தால், அன்றோடு ஓட்டம் நிறுத்தம், எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம், அதனால் எக்ஸ்ரே சுத்தம் என்பதை நம்பி ஓட விடக்கூடாது.

இதை வைத்து ஒரு வருஷம் பெரிய சண்டையே வந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான கிராஸ் கன்ட்ரிக்கு, அதாவது ட்ராக்குக்கு வெளியே மேடு பள்ளத்தில் ஓடுகிற போட்டிக்கு, பத்து நாள் இருக்கையில் எங்கள் முதல் ஆள் ஒற்றை விரலை வைத்தான். நான் பெயரை எடுத்துவிட்டேன். அணிக் கணக்கில் ஆள் குறைந்து ஷீல்டு பக்கத்துக் கல்லூரிக்குப் போனது. ஊசி போட்டு ஓட வைத்திருக்கலாமே என்று அப்போது பொறுப்பில் இருந்த நிர்வாகி கேட்டார். அந்தப் பையனும் அழுதான், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்று. அவன் அழுததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, நிர்வாகி சொன்னது இல்லை. அடுத்த வருஷமும் அவனுக்கு ஒரு சீசன் பாக்கி இருந்தது, ஓடினான், சான்றிதழும் வாங்கினான். வாங்காமல் போயிருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன். ஊசி, பவுடர் பேச்சையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிம்மில் யாரோ கொடுத்தார், அதில் என்ன இருந்தது என்று தெரியாது என்பது ஊக்கமருந்துப் பரிசோதனையில் செல்லாது. பரிசோதனையில் மாட்டினால் பதக்கத்தோடு வேலையும் போகும். லேபிளில் இருப்பதை நம்பி எதையும் வாங்காதே என்பது எங்கள் அணியில் விதி.

ட்ராக் விதிகளைச் சொல்லித்தர நேரம் ஒதுக்குகிற கோச்சுகள் குறைவு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் லட்சுமணன் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். முந்தும்போது கால் உள்விளிம்பைத் தாண்டிவிட்டது என்று தகுதி நீக்கம் செய்தார்கள், வெண்கலம் போனது. இருபத்தைந்து லாப் ஓடியதற்கு ஒரு காலடி. எங்களுக்குச் செம்மண் கிரவுண்ட், சுண்ணாம்புக் கோடு இரண்டாவது நாளே அழிந்துவிடும், அதில் பழகியவனுக்கு உள்விளிம்பு பற்றிய நினைப்பே இருக்காது. அதனால் மாதம் ஒருமுறை திருச்சி அண்ணா விளையாட்டரங்கின் சிந்தெடிக் ட்ராக்குக்குக் கூட்டிப் போவேன். கும்பலில் ஓடுவது, வளைவில் வெளிப்பக்கமாக முந்துவது, முன்னாலும் பக்கத்திலும் ஆள் சூழ்ந்து பெட்டிக்குள் மாட்டினமாதிரி ஆனால் பொறுமையாக இருப்பது, அன்றைக்கு அது மட்டும்தான்.

ஓ.டி. (ஆன் டியூட்டி) விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கல்லூரி கோச்சுகள் கோபித்துக்கொள்வார்கள். போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப் பதிவு வாங்க, துறைத்தலைவர் ஒவ்வொருவரையும் பார்த்துக் கையெழுத்து வாங்கும் அலைச்சல் பயிற்சியைவிடப் பெரியது. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி மூடுபித்ரியிலோ வடக்கே எங்கேயோ நடக்கும், ரயில் டிக்கெட் உறுதியாவது கடைசி நாளில். இன்டர்னல் தேர்வை மறுபடி வைக்க ஒத்துக்கொள்ளும் பேராசிரியர்களின் பெயரை மனப்பாடமாக வைத்திருக்கிறேன், தீபாவளிக்கு முதல் ஸ்வீட் பாக்ஸ் அவர்களுக்குத்தான்.

ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் போட வேண்டும் என்பது என் கண்டிப்பு. நாற்பது பக்க நோட்டு போதும். அன்று எவ்வளவு ஓடினான், எப்படி இருந்தது, எத்தனை மணிக்குத் தூங்கினான், எங்கே வலி. எடையும் ஹீமோகுளோபினும் பரிசோதனை எடுக்கும்போது எழுதினால் போதும். மூன்றாம் வருஷக் கடைசியில் அதை நான் வாங்கி வைத்துக்கொள்வதில்லை, நகல் ஒன்று எடுத்துக்கொண்டு அசலை அவன் கையில் கொடுத்துவிடுவேன். பாதிப்பேர் ஓட்டத்தை அத்தோடு விடுவார்கள், சிலர் போலீஸ், சிலர் பி.பி.எட்., ஒன்றிரண்டு பேர் ராணுவம், ரயில்வே. வருஷத்துக்கு ஒருவன் தொடர்ந்து ஓடினால் எனக்குப் போதும்.

ராணுவத்துக்குப் போன ஒருவனின் ரெஜிமென்ட் கோச் போன மாதம் போன் பண்ணினார். வாரத்துக்கு எவ்வளவு ஓடிப் பழக்கம், எங்கேயாவது எலும்பு விரிசல் உண்டா, 400 மீட்டர் ரிப்பிட்டிஷன் எத்தனை செய்திருக்கிறான் என்று வரிசையாகக் கேட்டார். நகலைப் புரட்டிச் சொன்னேன். 90 கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை, விரிசல் கிடையாது, வேகப் பயிற்சி குறைவுதான். "ரொம்பக் குறைவா வச்சிருக்கீங்களே" என்றார். "ஆமா சார், இன்னும் ஏத்தலாம்" என்றேன். இந்த டிசம்பருக்குள் 110 வரை ஏற்றுவதாகச் சொன்னார். பத்துப் பத்தாக வேண்டாம், ஐந்து ஐந்தாகப் போங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.